தேயிலை மலையும் தானோட்டி விமானமும்



ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதையில், ஏதேனும் ஒரு வளைவில் நின்று எதிர்மலையை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கண்ணுக்கு நேரே நிற்கும் அந்த மலையை முழுமையாகக் கண்டவர் ஒருவருமிலர். கீழே நின்றால் தேயிலை விரிப்புத் தெரியும்; லயத்தின் தகரக்கூரை தெரியும்; லயத்தின் பின்புறத்துச் சரிவு தெரியாது. உச்சியில் ஏறி நின்றாலோ இடையிலுள்ள மடிப்புகளும் ஓடைகளும் மறைந்துவிடும். மலையிலேயே பிறந்து வளர்ந்தோரும் தம் மலையைத் துண்டு துண்டாகவே அறிவர். நேர்மேலிருந்து கீழ்நோக்கினாலன்றி ஒரு மலையின் வடிவம் பிடிபடாது.

அவ்வாறு நோக்குவதற்கு அண்மைக்காலம் வரை பெரிய விமானமும் பெரும் பொருளும் வேண்டியிருந்தன. இன்றோ ஒருவர் முதுகுப்பையிற் சுமந்து செல்லத்தக்க ஒரு சிறு யந்திரம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கலியாண வீடுகளிலும் தேர்த்திருவிழாக்களிலும் தலைக்குமேல் இரைந்துகொண்டு படம் பிடிக்கும் 'ட்ரோன்' என்னும் ஆளில்லா விமானத்தை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். கலியாணப் படங்களைப் பற்றி இங்கு நான் பேச வரவில்லை. அதே யந்திரம் தேயிலை மலைகளை அளந்து படமாக்கும் வகையையும், அப்படத்தால் லயங்களில் வாழ்வோர்க்கு விளையக்கூடிய நன்மையையும், அந்த நன்மை எவ்விடத்தில் வந்து தடைப்பட்டு நிற்கிறது என்பதையுமே கூற விரும்புகிறேன்.

மலைநாட்டுக்குப் படங்கள் இல்லாமலில்லை. நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் இலங்கை முழுவதையும் வரையும் பணி 1897 இல் தொடங்கி 1924 இல் நிறைவெய்தியது. தோட்டங்களுக்கோ தனிப் படங்கள் இருந்தன. சங்கிலியும் தியோடலைற்றும் கொண்டு அளந்து, துணிமேல் ஒட்டிய தாளில் வரைந்து, துரையின் காரியாலயத்திற் சுருட்டி வைத்திருந்த படங்கள் அவை. அவற்றில் எத்தனையாம் நம்பர் மலை எத்தனை ஏக்கர் என்பது இருக்கும். தொழிற்சாலையும் பங்களாவும் பாதையும் இருக்கும். தேயிலைக் கணக்குக்காக வரைந்த படத்தில் தேயிலைக்கு வேண்டியவையே இடம்பெற்றன. மக்கள் வாழ்ந்த லயமோ ஒரு சிறு நீள்சதுரக் கட்டம், அவ்வளவுதான்.

1956 ஆம் ஆண்டில் ஆகாயத்திலிருந்து இலங்கையைப் படம் பிடித்தார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த உதவியோடு ஹன்ரிங் என்னும் நிறுவனம் மகாவலி கங்கை வடிநிலத்தை ஆராய்ந்து 1962 இல் அறிக்கை வெளியிட்டது. 1956 ஆம் ஆண்டுப் படங்கள் நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவின. பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாயமைந்த ஒரு லயம், காம்பரா ஒன்றுக்குப் பத்து அடி வீதம், 120 அடி நீளமிருக்கும் என்று கொள்வோம். அந்தப் படத்தில் அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரும் இராது. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினாலும் கூரை தெரியுமேயன்றிக் கூரைக்கு மேலே மண் வெடித்திருப்பது தெரியாது. காடு எது, தேயிலை எது, நீர் எங்கே ஓடுகிறது என்பவற்றை அறிய அப்படங்கள் பெரிதும் உதவின. ஒரு குடும்பத்தின் கொல்லைப்புறத்தை அறிவதற்கென்று அவை எடுக்கப்படவில்லை.

இனி யந்திரத்துக்கு வருவோம். ஆள் இல்லாமல் விமானம் எவ்வாறு தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறது? இந்த வித்தை நூறாண்டுப் பழைமையுடையது. 1914 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பாரிஸ் நகருக்கருகே, சேன் நதியின் மேலாக, லோரன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞர் தம் விமானத்தை ஓட்டிக் காட்டினார். பார்வையாளர் முன்னே வந்ததும் சுக்கானை விட்டுவிட்டு இரு கைகளையும் உயரத் தூக்கினார். உடன் சென்ற பொறிவல்லுநரோ இறக்கைமேல் ஏறி நடந்தார். ஒரு பக்கம் பாரம் கூடியபோதும் விமானம் சாயவில்லை. உள்ளே சுழன்றுகொண்டிருந்த சுழல்கருவிகள் சாய்வை உணர்ந்து, அதைத் தாமே திருத்தின. இதற்குத் தானோட்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இதன் தத்துவத்தை விளக்க நான் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. தலையிற் கயிறு மாட்டி, முதுகில் நிறைகூடை கொழுந்தைச் சுமந்து, மழையில் வழுக்கும் சரிவிலே இறங்கி வரும் பெண்ணைப் பாருங்கள். கால் சற்றே சறுக்கிய மாத்திரத்தில், அவள் அறிந்தோ அறியாமலோ, இடுப்பு மறுபுறம் சாய்ந்து கூடை நேராகிவிடுகிறது. சாய்வை உணர்தல், எதிர்த்துத் திருத்தல், மறுபடியும் உணர்தல்: இந்த மூன்றும் இடைவிடாது நடக்கின்றன. தானோட்டியும் இதையே விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்கிறது. சாய்வை உணர ஒரு கருவி, வேகமாற்றத்தை உணர ஒன்று, திசையறிய ஒரு காந்தமுள், வளியமுக்கத்தைக்கொண்டு உயரத்தை அறிய ஒன்று, செய்மதிகளின் குறிப்பைக்கொண்டு இடத்தை அறிய ஒன்று. இவற்றையெல்லாம் கேட்டுக் கணக்குப் பார்க்கச் சிறு கணினி ஒன்று.

ஒரு காலத்தில் இக்கருவிகள் பெருவிலை பெற்றவை. விமானங்களிலும் ஏவுகணைகளிலும் மட்டுமே இருந்தவை. அவை மலிந்ததற்குக் காரணம் நம் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசியே. கோடிக்கணக்கில் தொலைபேசிகள் செய்யவேண்டி வந்தபோது, சாய்வுணரும் கருவி நகக்கண் அளவாகச் சிறுத்து, விலையும் சிறுத்தது. அதற்கு முன்பே, 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுமக்களுக்குக் கிடைத்த செய்மதிக் குறிப்பில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிவிட்டது. 2007 இல் கிறிஸ் அண்டர்சன் என்னும் பத்திரிகை ஆசிரியர், பிள்ளைகளின் லெகோ விளையாட்டுக் கருவிகளைக்கொண்டே தம் வீட்டில் ஒரு தானோட்டியை அமைத்துப் பார்த்தார். ஜோர்டி முன்யோஸ் என்னும் மெக்சிக்க இளைஞர் அவரோடு சேர்ந்தார். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழினுட்பக் கல்லூரியிலே லோரன்ஸ் மையர் என்னும் மாணவர் வேறொரு வழியில் அதே முயற்சியைச் செய்தார். இவர்கள் தம் கணக்குமுறைகளைப் பூட்டி வைக்காமல் உலகுக்கு இலவசமாக அளித்தமையே இக்கதையின் சிறப்பு. அதனாலேயே ஆயிரம் அமெரிக்க டொலருக்கும் குறைந்த விலையில் இன்று ஒரு விமானம் தானே ஏறி, குறித்த வழியிற் பறந்து, தானே இறங்குகிறது.

படம் எடுக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். உழவன் வயலிற் சால்மேற் சால் போடுவதுபோல, விமானம் மலைக்கு மேலே போவதும் திரும்புவதுமாகக் கோடு கோடாகப் பறக்கிறது. இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு படம். ஒரு படத்திற் காண்பதில் முக்காற்பங்கு அடுத்த படத்திலும் வருமாறு எடுப்பார்கள். இரு கண்களாற் பார்ப்பதனால் அல்லவா தூரம் நமக்குத் தெரிகிறது! அதுபோல ஒரே செடியைப் பல இடங்களிலிருந்து பார்த்த படங்களைக் கணினி ஒப்பிட்டு, அச்செடியின் உயரத்தையும் இடத்தையும் கணிக்கிறது. முடிவில் மலையின் மேற்பரப்பு முழுவதும் மேடு பள்ளங்களோடு உருவாகிறது. சமவுயரக் கோடுகளையும் அதிலிருந்தே வரைந்துகொள்ளலாம். 120 மீற்றர் உயரத்திலிருந்து எடுத்தால், நல்ல புகைப்படக் கருவியில் ஒரு புள்ளி நிலத்தில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றரைக் குறிக்கும். 1956 ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு மில்லிமீற்றராயிருந்த லயத்தின் கூரையில், தகரத்தோடு தகரம் பொருந்தும் இடத்தை இப்போது எண்ணிவிடலாம்.

ஆனால் மலைநாடு இந்த யந்திரத்தை இலகுவாய் ஏற்றுக்கொள்ளும் இடமன்று. நுவரெலியா நகர் கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே உள்ளது. அங்கே வளியின் அடர்த்தி கரையோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் விசிறிகள் கூடுதலாகச் சுழலவேண்டும். மின்கலம் விரைவில் ஓயும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பொழிகிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் ஹற்றன் பக்கத்திற் பறக்கவிட நினைப்பவர் பல நாட்கள் கூரையின் கீழ்க் காத்திருக்கவேண்டியவரே. மற்றைய காலத்திலும் பிற்பகலில் மூடுபனி ஏறிவிடும். காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட நேரமே இதற்கு உகந்தது. அத்துடன், புறப்பட்ட இடத்திலிருந்து 120 மீற்றர் உயரத்திற் பறக்குமாறு பணித்துவிட்டால், எதிர்ச்சரிவு அதைவிட உயர்ந்திருக்கும்போது விமானம் நேரே தேயிலைக்குள் போய் விழும். நிலம் ஏறும்போது தானும் ஏறுமாறு முன்கூட்டியே வழி வகுத்துக் கொடுக்கவேண்டும். சமவெளியிற் பழகியவர் முதலிற் படிக்கும் பாடம் இதுவே.

சரிவைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு கணக்கு நினைவுக்கு வருகிறது. நில அளவையில் ஏக்கர் என்பது சரிவை அளந்து பெறுவதன்று. சரிவைச் சமதளமாக்கி அளப்பது. 30 பாகைச் சரிவில் படத்தில் 100 ஏக்கர் என்றிருந்தால், மலைமேல் உள்ள பரப்பு 115 ஏக்கருக்குச் சற்று மேலாகும். மழை நேராக விழுகிறது, செடியும் நேராக வளர்கிறது என்று கூறி அளவையாளர் தம் முறையை நியாயப்படுத்துவர். நியாயந்தான். எனினும் அந்த மேலதிகப் பதினைந்து ஏக்கரையும் காலால் நடந்து கொழுந்தெடுப்பவர் ஒருவர் இருக்கிறார். இதுவரை எந்தப் படமும் அவருக்காகக் கணக்குப் பார்த்ததில்லை.

அளவு என்றவுடன் காணியுரிமை எழுகிறது. தோட்டக் குடும்பங்களுக்கு லயத்துக்குப் பதிலாகத் தனிவீடும், அதற்கு ஏழு பேர்ச் நிலமும் என்பது பல ஆண்டுகளாக நடைபெற்று வந்த திட்டம். இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகள் 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட் மைதானத்தில் அறிவிக்கப்பட்டதை நேயர்கள் நினைவுகூர்வீர்கள். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். பக்கம் பக்கமாகப் பார்த்தால் பதின்மூன்று மீற்றர் சதுரம். மலிவான விமானத்தின் செய்மதிக் கருவி தனித்து நின்றால் இரண்டு மூன்று மீற்றர் பிழைவிடக்கூடும். ஓர் எல்லை ஒரு மீற்றர் தள்ளிப்போனாலே அரைப் பேர்ச் போய்விடும்! ஆகவே உறுதிக்கான எல்லையை இந்த யந்திரத்தை மட்டும் நம்பி இடலாகாது. நிலத்திலே வெள்ளைக் குறிகள் பதித்து, அவற்றின் இடத்தை நுட்பமான கருவியால் அளந்து, படத்தை அவற்றோடு பொருத்தவேண்டும். உரிமம் பெற்ற நில அளவையாளர் கையொப்பமும் இடவேண்டும். விரைவாகச் செய்கிறோம் என்று சொல்லி இதைத் தவிர்ப்போரிடம் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

ஆனால், ஏழு பேர்ச் எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு மீற்றர்ப் பிழை பெரிதன்று. அங்கேதான் இந்தப் படம் தன் முழுப் பயனையும் தரும். உயிர் தப்பும் இடம் எது, உயிர் போகும் இடம் எது என்பதே அங்குள்ள கேள்வி.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 களின் தொடக்கத்தில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு அபாய வலயங்களைப் படமாக்கத் தொடங்கியது. சரிவின் சாய்வு, பாறையின் வகை, மேல்மண்ணின் தடிப்பு, நீரோட்டம், நிலத்தின் பயன்பாடு ஆகியவற்றை ஒன்றுசேர்த்து அபாயத்தைத் தரம்பிரிக்கும் முறை அது. இன்று அபாயப் பகுதிகளில் வீடு கட்டுவதற்கு அந்நிறுவனத்தின் ஆய்வறிக்கை வேண்டும். மண் சரிந்த இடங்களை ஆராய்வதற்கு அது ஆளில்லா விமானங்களையும் ஈடுபடுத்துகிறது. பத்தரமுல்லையில் உள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமும், 2016 ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது இத்தகைய விமானத்தைப் பறக்கவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குப் படங்களை அளித்தது.

இவையெல்லாம் நல்ல செய்திகளே. ஆயினும் ஹப்புத்தளைக்கு அப்பால், கொஸ்லந்தையில் நடந்ததை எண்ணிப் பார்க்காமல் இந்தப் பேச்சை நிறைவுசெய்ய இயலாது. 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆம் நாட் காலை மீரியபெத்தை தோட்டத்து லயங்களின்மேல் மலை சரிந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்பது எவரும் அறியாத செய்தியா? இல்லை. 2005 இலும் 2011 இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். விஞ்ஞானம் தன் சொல்லைச் சொல்லிவிட்டது. அந்தச் சொல் காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

ஏன் போகவில்லை என்று அம்மக்களைக் கேட்பது எளிது. எங்கே போவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் விடை கூறுவதுதான் எளிதன்று. தோட்டக் காணி அரசாங்கத்துக்குரியது. 1992 முதல் அது கம்பனிகளின் பொறுப்பில் இருக்கிறது. லயத்தில் இருப்பவர்க்கு அந்த லயமும் சொந்தமன்று. வேறிடம் கொடுப்பதற்கு ஒருவர் தேயிலையை விட்டுக்கொடுக்கவேண்டும், இன்னொருவர் கையெழுத்திடவேண்டும், மற்றொருவர் பணம் ஒதுக்கவேண்டும். மாற்றிடம் காட்டாத எச்சரிக்கை, மழை விட்டதும் மறந்துபோகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாடெங்கும் மண்சரிவுகளை உண்டாக்கியபோது, இதே கேள்வி மீண்டும் நம் முன் வந்து நின்றது.

மலிந்துபோன படம் இவ்விடத்தில் என்ன செய்யும்? மலையை நகர்த்தாது, கையெழுத்தையும் இடாது. ஆனால் 'மாற்றிடம் இல்லை' என்ற பேச்சைச் சோதித்துப் பார்க்க உதவும். ஒரு தோட்டத்துப் பிரிவு முழுவதையும் ஓரிரு காலைப்பொழுதில் படமாக்கி, சாய்வு குறைந்த இடங்களை வேறு நிறத்திற் காட்டினால், எந்த நம்பர் மலையில் எத்தனை வீட்டுக்கு இடமுண்டு என்பதை எல்லோரும் ஒரே தாளிற் காணலாம். அதன்பின் மண்ணைத் தோண்டிப் பார்த்து உறுதிசெய்வது வல்லுநர் வேலை. ஆனாற் பேச்சு தொடங்குவதற்கு அந்தத் தாள் போதும். துரையின் காரியாலயத்திற் சுருண்டிருந்த படத்தை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைத் தொழிலாளர் தொடங்கியிருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஆகாயக் கண்ணுக்குத் தெரியாதவை பல. தேயிலை விரிப்பு இடைவெளியில்லாமல் மூடியிருக்கும் இடத்தில் விமானம் காண்பது இலையின் மேற்பரப்பை மட்டுமே. செடிக்கடியில் மண் பிளந்திருப்பது அதற்குத் தெரியாது. கிரவேலியா நிழல்மரங்கள் அடர்ந்த இடத்தில் அதுவும் இல்லை. ஆனால் அந்தப் பிளவைக் காலால் உணர்பவர் இருக்கிறார். நேற்று வரை இல்லாத பள்ளத்தில் இன்று கொழுந்தெடுப்பவளின் கால் இடறுகிறது. குசினியின் தரையிற் கீறல் விழுகிறது. கதவு திடீரென்று மூட மறுக்கிறது. பீலியில் தெளிந்து விழுந்த நீர் கலங்கி வருகிறது. நேராய் நின்ற மரம் சாய்கிறது. இவை மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று ஆராய்ச்சி நிறுவனமே மக்களுக்குக் கற்பிக்கிறது. இவற்றை முதலிற் காண்பவர் லயத்தில் இருப்போர். அவர்கள் கண்டதைக் குறித்து வைப்பதற்கு ஏற்ற படம் அவர்களிடம் இதுவரை இல்லாதிருந்தது. வாயாற் சொன்ன கீறல் கணக்கப்பிள்ளையோடு நின்றுவிடும். படத்தில் நாளிட்டுக் குறித்த கீறலை அப்படி நிறுத்திவிடுவது கடினம்.

ஆகாயத்திற் கண் பறக்கும்போது மரியாதையும் பறக்கவேண்டும் என்பது என் கருத்து. பெண்கள் பீலியிற் குளிக்கும் நேரத்தில் தலைக்குமேல் ஒரு புகைப்படக் கருவி வந்து நின்றால் அது எத்தனை நல்ல நோக்கத்தோடு வந்தாலும் அநியாயமே. முதல் நாளே பிரட்டுக்களத்தில் அறிவித்து, எந்த நேரம், எந்த மலை, என்ன காரணம் என்று சொல்லிவிட்டுப் பறக்கவிடவேண்டும். எடுத்த படத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு தடவையேனும் அங்குள்ளவர்களுக்குக் காட்டவேண்டும். கொழுந்தெடுப்போர் எங்கே நிற்கிறார்கள் என்று கண்காணிக்க இந்த யந்திரத்தைப் பயன்படுத்தினாலோ, அதன்பின் எந்த மலையிலும் அதற்கு உண்மையான செய்தி கிடைக்காது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் சட்டதிட்டங்களையும் மறக்கலாகாது. 2019 ஏப்பிரில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின்பின் ஆளில்லா விமானங்கள் அனைத்தையுமே சிலகாலம் தடைசெய்திருந்தார்கள். பதிவும் அனுமதியும் இன்றிப் பறக்கவிடுவது குற்றமாகும்.

இந்தப் பணியைத் தொடங்க விரும்பும் இளைஞர்க்கு ஒரு வார்த்தை. பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட காலையில் ஒரு தடவை பறக்கவிடுங்கள். ஒக்ரோபர், நவம்பர் மழை கழிந்தபின் அதே வழியில், அதே உயரத்தில் மீண்டும் ஒரு தடவை. நிலத்திற் பதித்த வெள்ளைக் குறிகளை இடம் மாற்றாதீர்கள். குறிகள் அசையாமல் இருந்தால், இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, எங்கே மண் இறங்கியிருக்கிறது, எந்த ஓடை புதுவழி தேடியிருக்கிறது என்பன தெரியவரும். குறி பதித்த இடமே சரிந்துகொண்டிருந்தால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். அதனாற் குறிகளிற் சிலவற்றை அசையாத பாறைமேல் வைத்தல் நன்று. படத்தை அச்சிடும்போது நம்பர்களை மட்டும் எழுதாமல், மக்கள் வழங்கும் பெயர்களையும் எழுதுங்கள்: கோயிலடி, பீலிக்கரை, பழைய லயம், சுடலைமேடு. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் தோட்டப் பாடசாலையின் பிள்ளைகளும் அவர்களுடைய பாட்டிமாரும். படத்தின் ஒரு பிரதியைப் பிள்ளைக் காப்பகத்தின் சுவரில் மாட்டி, பக்கத்தில் நூலிற் கட்டிய சிவப்புப் பென்சில் ஒன்றையும் தொங்கவிடுங்கள்.